ஒயர் இல்லாத பட்டன்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அறுபத்து நாலு வயது வரைக்கும் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன். கரண்ட் இல்லாமல் விளக்கு எரியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேதம்.

எரிந்தது. நான் பார்த்தேன். 2019 டிசம்பர் 14, சனிக்கிழமை. மாலை 4.20 முதல் 4.47 வரை. இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த அக்டோபரில் வில்ஃப்ரெட் ஹார்க்கர் என்ற பெரியவரிடம் ஒரு கிட் கார் வாங்கியிருந்தேன். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வண்டி. இரண்டே சீட்டு, மேலே கித்தான் கூரை. எஞ்சின் ஓடினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. 1988ல் அவரே தன் கையால் பூட்டியது. பூட்டி முடித்த சூட்டோடு ஷெட்டில் வைத்து அடைத்தவர், முப்பத்தொரு வருஷம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. மீட்டரில் 58 மைல்தான் இருந்தது.

"ஏன் ஓட்டவே இல்ல?" என்று கேட்டேன்.

"கூட வர ஆளில்ல தம்பி," என்றார். ஷெட்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே சாவியை நீட்டினார். "ஒயரிங்க மட்டும் நம்பாத. மொத்தமா உருவிப் போட்டுட்டுப் புதுசா போடு."

உருவினேன். எனக்கு ரத்தம் கொதித்தது. ஹெட்லைட்டிலிருந்து ஹாரன் வரை எல்லாமே கறுப்பு ஒயர். ஒரு பெரிய சுருள் மலிவாகக் கிடைத்திருக்கும், மனுஷன் அதையே வண்டி முழுக்க ஓட்டிவிட்டார். எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, சுவருக்கு ஒட்டும் காகிதத்தின் பின்பக்கம் அவர் பென்சிலால் வரைந்து வைத்த படம் ஒன்றுதான் துணை. படத்தில் 42 ஒயர். நான் உருவியதும் 42. கணக்கு சரியாக இருந்தது.

ஆனால் ஒரு பட்டன் மிச்சம் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் ஓரத்தில். படத்தில் அது இல்லை. பின்பக்கம் கையை விட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஒயர் மாட்டும் இரண்டு முனைகளும் பளபளவென்று இருந்தன, ஒயர் தொட்ட கீறல்கூட இல்லை. முன்பக்கமோ தேய்ந்து போயிருந்தது. வெள்ளிப் பூச்சு போய், நடுவில் பித்தளை தெரிந்தது. கட்டைவிரல் உட்காரும் அளவுக்குக் குழி.

எங்கேயாவது பழைய பட்டன் கிடைத்து மாட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஓட்டுபவருக்கு எதிரே ஒரு சின்ன மஞ்சள் விளக்கும் அதேபோல ஒயர் இல்லாமல் இருந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் 1.30. என் மனைவி ப்ரெண்டா கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பியவள் கராஜ் வாசலில் நின்றாள்.

"நோரிஸ், அந்த அலாரத்த மாட்டினியா?"

"மாட்டியாச்சு கண்ணு. நீ கிளம்பு."

"கதவ ஒரு சாண் தூக்கி வை. ஹீட்டரப் போட்டுக்கிட்டு உள்ளயே வேகப் போறியா?"

"சரி சரி."

அலாரம் சுவரில் மாட்டியிருந்தது நிஜம்தான். மூடிய அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்தால் மணமே இல்லாத ஒரு விஷக்காற்று வரும். அது வந்தால் கத்துவதற்காக அவள் வாங்கிக் கொடுத்த கருவி. ஆனால் காலையில், கரண்ட் சோதிக்கும் என் கை மீட்டரின் பேட்டரி செத்துப் போயிருந்தது. அலாரத்தில் இருந்ததும் அதே அளவு பேட்டரி. கழற்றி மீட்டரில் போட்டுக்கொண்டேன். கடைக்குப் போகும்போது வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வெளியே சரம் சரமாக மழை, எலும்பைக் கடிக்கும் குளிர். அதனால் ஒரு சாண் திறந்திருந்த கதவையும் இறக்கிவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியது தெரிந்தால்தானே.

மணி 4.05. பழைய ஒயர் எல்லாம் தரையில் குவிந்து கிடந்தன. வண்டியின் பேட்டரி மேஜை மேல். வண்டிக்குள் ஒரு ஒயர் கிடையாது.

புது ஒயர் ஓட்டும் முன் சுவிட்சுகளுக்கு இடம் குறிக்க வேண்டும். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கை எட்டும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பது வழக்கம். அப்படியே செய்தேன். நாலு வார் பெல்ட். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. வயிற்றின் மேல் ஒரு வட்டப் பூட்டு, திருகினால் திறக்கும். ஒயர் வெட்டும் கட்டரைப் பக்கத்து சீட்டில் போட்டேன்.

ஐந்தாறு புள்ளி வைத்திருப்பேன். தலை லேசாக வலித்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. கொஞ்சம் கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது. மூடினேன்.

டிக்... டிக்.

கண்ணைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 4.20.

மழைத்துளி என்று நினைத்தேன். மறுபடியும் கண்ணை மூடினேன்.

டிக்... டிக்.

இடது பக்கம். மிகக் கிட்டத்தில். உலோகம் அழுந்தி எழும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். சீட்டில் கட்டர் மட்டும் கிடந்தது.

எதிரே பார்த்தேன்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு தடவை. அணைந்தது.

பேட்டரி மேஜை மேல்தான் இருந்தது. இரண்டு முனையும் மொட்டையாக. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

டிக்... டிக். விளக்கு இரண்டு தடவை.

இறங்கிவிட வேண்டும். பூட்டைத் திருகினேன். திருகவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். துரு... அசையவே இல்லை. தோளை உருவப் பார்த்தேன். அசைய அசைய வார் இன்னும் இறுகியது.

4.28.

அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம்.

வீ...ஈ...ஈ...

சன்னமான இழுப்பு. உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும். வெளியே விடும் சத்தம் வரவே இல்லை.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீ...ஈ...

டிக் டிக். டிக் டிக். டிக் டிக்.

விளக்கு ஓயாமல் எரிந்து அணைந்தது. அந்த மஞ்சளில் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். தொளதொளவென்று கிடந்த அந்த சீட்டின் பெல்ட்... நிமிர்ந்து நின்றது. நாலு வாரும் இறுகி. நடுவில் யாருமில்லை. ஆனால் வார் மட்டும் ஏறி இறங்கியது. ஏறி... இறங்கியது.

எனக்கும் மூச்சு முட்டியது. கை கால் பஞ்சாக இருந்தது. தூங்கு தூங்கு என்று உடம்பு கெஞ்சியது. அந்த டிக் டிக் தூங்க விடவில்லை.

கட்டர்.

அது அந்த வாருக்கு அடியில் கிடந்தது.

4.36. கையை நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். மறுபடி நீட்டினேன்.

விரலில் குளிர் ஏறியது. கராஜ் முழுக்க அனல். அந்த இடம் மட்டும் ஐஸ்.

கட்டர் கையில் வந்தது. என் மணிக்கட்டில் ஒரு மூச்சு பட்டது...

கத்திவிட்டேன்.

வாரை நறுக்கினேன். நூல் நூலாக. விரலெல்லாம் ரத்தம்.

டிக் டிக்.

ஒன்று அறுந்தது.

டிக் டிக்.

இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும்.

விழுந்தேன். தவழ்ந்தேன். கதவைத் தூக்கும் சங்கிலியை இழுத்தேன்.

மழைக்காற்று முகத்தில் அடித்தது.

மணி 4.47. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

5.10க்குத் திரும்பி வந்த ப்ரெண்டா, மழையில் வாந்தி எடுத்துக் கிடந்த என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். உடம்பு முழுக்க அந்த விஷக்காற்று.

"இன்னும் பத்து நிமிஷம் அந்த சீட்ல கண்ண மூடியிருந்தா அவ்வளவுதான். தூக்கம் வரலையா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"வந்துச்சு. தூங்க விடல," என்றேன்.

இந்த விஷம் ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்று அவர் விளக்கினார். எனக்குப் பெரிய நிம்மதி, சிரித்துவிட்டேன். ப்ரெண்டா மட்டும் சிரிக்கவில்லை. பேட்டரி இல்லாத அலாரத்தை என் மடியில் போட்டாள்.

"மாட்டியாச்சு கண்ணுன்னு சொன்னியே நோரிஸ்," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று நாள் கழித்து, மதிய வெளிச்சத்தில், கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அந்த மஞ்சள் விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பல்பே இல்லை. சிலந்திக் கூடு இருந்தது.

ஹார்க்கருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன தடவ எரிஞ்சுது?"

"ரெண்டு ரெண்டா."

"ரெண்டுன்னா நிறுத்து," என்றார். "என் பொண்டாட்டி ஐவிக்கு ஆஸ்துமா தம்பி. நீ ஓட்டுறப்ப நான் கத்தினா கேக்காது, ஒரு பட்டன் வச்சுக் குடுன்னு உயிர எடுத்தா. ஒரு தடவ அழுத்தினா மெதுவா போ. ரெண்டுன்னா நிறுத்து. எனக்கோ ஒயர் ஓட்ட நேரமில்ல. பட்டனையும் விளக்கையும் சும்மா திருகி வச்சேன். மாட்டியாச்சு கண்ணுன்னு சொல்லிட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மறுநாள் ஞாயித்துக்கிழம மால்ஹம் போயிட்டுத் திரும்பினோம். நல்ல மழை. கித்தான மூடிட்டேன். அம்பது நிமிஷம் ரோட்டையே பாத்து ஓட்டினேன். அவ தூங்குறான்னு நெனச்சேன்... வீட்டுல வந்து பெல்ட்டக் கழட்டுறப்பதான் மூச்சு இல்லன்னு தெரிஞ்சுது. விரல் அந்தப் பட்டன் மேலயே இருந்துச்சு."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தப் பட்டன் பழசா?"

"பழசா? சனிக்கிழம காலைல பாக்கெட்டப் பிரிச்சு மாட்டினேன். அவ அந்த சீட்ல உக்காந்தது அந்த ஒரு நாள்தான். அப்புறம் ஷெட்டப் பூட்டிட்டேன். யாரும் தொடல."

போனை வைத்துவிட்டேன்.

டிப்போவில் நான் மாற்றாத மணிப் பட்டன் இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பேர் அழுத்துவார்கள். அப்படி அழுத்தியும் பூச்சு போய்ப் பித்தளை தெரிய எத்தனையோ வருஷம் பிடிக்கும். ஐம்பது நிமிஷத்தில் ஒரு பட்டன் தேயாது.

இது தேய்ந்திருந்தது. கட்டைவிரல் உட்காரும் அளவுக்கு.