ஒட்டிப்போன செல்கள்

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து லீவுக்கு விருத்தாசலம் வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அக்கா, மாறிடுச்சுக்கா!” என்று லேப்டாப்பைத் திறந்தாள். கல்லீரல் கெட்டுப்போன பெண் எலிக்கு, ஆண் எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ஏற்றியிருந்தாள். ரத்தம் உண்டாக்க வேண்டிய அந்தச் செல்களுக்கு அவள் வைத்திருந்த பச்சை அடையாளம் இப்போது கல்லீரல் செல்களில் மின்னியது. எலியும் பிழைத்திருந்தது.

எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் காலேஜில் விலங்கியல் நடத்துகிறவள், வாய் சும்மா இருக்குமா? “மாறிச்சா, இல்ல அங்க இருந்த கல்லீரல் செல்லோட ஒட்டி ஒண்ணாயிடுச்சா?” என்று கேட்டேன். வளர்ந்த உடம்பின் ஸ்டெம் செல் வேறு உறுப்பின் செல்லாக மாறுமா மாறாதா என்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முகம் சுண்டிப்போனது. மாறும் என்பதுதான் அவள் ஆய்வேடே. அடுத்த வாரம் கருத்தரங்கில் மேடையேறி அதைச் சொல்ல வேண்டும்.

“குரோமோசோம எண்ணிப் பாத்தியா? ஒட்டியிருந்தா ரெட்டிப்பா இருக்குமே.”

“பாத்தேங்க்கா. ரெட்டிப்பா இருந்ததெல்லாம் கழிச்சிட்டேன். ரெண்டு செல்லு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும்னு...”

“ஏண்டி கழிச்ச?”

பதில் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எங்கள் வீட்டில் பீங்கான் பொம்மைப் பட்டறை. சூளை பிரித்ததும், பளபளப்புப் பூச்சு உருகி ஒன்றோடொன்று ஒட்டிய பொம்மைகளைப் பொறுக்கி எறிவது சின்ன வயதிலிருந்தே எங்கள் வேலை. கை தானாகப் போகும். மைக்ராஸ்கோப்பிலும் அவளுக்கு அப்படியே போயிருக்கிறது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டொரு நாளில் போன் வந்தது. “கழிச்சதையெல்லாம் எடுத்துப் பாத்தேங்க்கா. ஆண் எலியோட குரோமோசோமும் பெண் எலியோடதும் ஒரே செல்லுக்குள்ள இருக்குது. மாறல. ஒட்டிதான் இருக்குது.”

இத்தனை வருஷ உழைப்பு போச்சே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஜெயித்தது நான்தான், அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

“அழுவுறியாடி?”

“இல்லக்கா! ஒட்டின செல்லுதான் எலியக் காப்பாத்தியிருக்குது, புரியுதா?” காதே அடைத்துப்போகும்படி கத்தினாள்.

கருத்தரங்குக்கு நானும் போனேன். “மாறும் என்று சொல்லத்தான் தயாரானேன். மாறவில்லை” என்று அவள் ஆரம்பித்ததும் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை. நாலைந்து பேர் திரும்பி முறைத்தார்கள்.

அவள் பேசி முடித்தபோது, கேள்வி கேட்க அரங்கு முழுக்கக் கைகள் எழுந்தன. வியர்வை வழிய வழிய அவளுக்கு ஒரே சிரிப்பு.