தொடையின் வெளிக்கோடு

தையல் கூடத்தில் மாஸ்டரம்மா என்றால் ஒரே ஆள்தான். சீருடைக்குத் துணி வெட்டுகிறவர். நாற்பது மடிப்பை ஒன்றாக அடுக்கி வெட்டினாலும் கோடு நூலளவு பிசகாது. வயது அறுபத்தெட்டு. நாள் முழுக்க நின்றே வேலை.

எலும்பு மெலிந்திருக்கிறதென்று வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துப் பதினோரு வருடமாகிறது. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரமும் தவறியதில்லை. ஐந்தாம் வருடம் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை.

"ஒழுங்கா போடாதவங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எனக்கெதுக்கு?"

அதே மாத்திரை சாப்பிட்ட தங்கை போய்க் காட்டினாள். போதும், நிறுத்துங்கள் என்றார்கள்.

"உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து டாக்டருக்கே சலிச்சுப் போச்சுடி" என்று சிரித்தார் மாஸ்டரம்மா. மருந்துக்கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

நாலு மாதமாக வலது தொடையில் வலி. வெட்டு மேஜையின் விளிம்பு இடிக்கிறதென்று தீர்மானித்து, விளிம்புக்குப் பஞ்சுறை தைத்து மாட்டினார். வலி போகவில்லை. இன்னும் கொஞ்சம் பஞ்சு திணித்தார். மூன்றாம் முறை உறையைப் பிரித்தபோது தங்கை கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

எக்ஸ்ரே அறையிலிருந்து எலும்பு டாக்டரின் அறைக்கும் நடந்துதான் வந்தார். டாக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள்.

அவள் விரல் வைப்பதற்குள் மாஸ்டரம்மாவின் கண் போய் நின்றுவிட்டது. தொடையெலும்பு வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. வளைவின் நடுவில் ஒரு புடைப்பு. புடைப்பின் குறுக்கே மயிரிழை போல ஒரு கீறல்.

"விரிசல்மா. நீங்க எங்கயும் விழலையே?"

"இல்லையே."

"அந்த மாத்திரை எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு. ஒரு வாரம்கூட விட்டதில்ல." பெருமையாகச் சொல்ல ஆரம்பித்த குரல் பாதியிலேயே இறங்கியது.

டாக்டர் நிதானமாகப் பேசினாள். மாத்திரை நல்லதுதான், பலருக்கு எலும்பு முறிவைத் தடுத்திருக்கிறது. ரொம்ப வருடம் போனால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும். அதற்குத்தான் நடுவில் வரச் சொல்வது. "இன்னையோட நிறுத்திடுங்க. முழுசா உடையறதுக்கு முன்னாடி எலும்புக்குள்ள கம்பி வெச்சிடலாம்."

"எலும்பு உடையக் கூடாதுன்னுதானே சாப்பிட்டேன்?"

டாக்டர் இரண்டாவது படத்தை மாட்டினாள். இடது தொடை.

"அந்தக் கால் வலிக்கவே இல்லையேம்மா" என்றாள் தங்கை.

அதே இடம். சின்னப் புடைப்பு. கீறல் இன்னும் விழவில்லை.

"அக்கா, ஏதாவது பேசேன்."

"இந்தக் கால்லதான் மாடிப்படி ஏறி வந்தேன்."

"இனிமே ஊனி நடக்க வேண்டாம். வீல்சேர் வருது" என்றாள் டாக்டர்.

வருவதற்குக் கால் மணி நேரமாயிற்று. அதுவரை மாஸ்டரம்மா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். இறக்கு அக்கா, ஒன்றும் ஆகாது என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். இறக்கவில்லை.