ஒருக்களித்துப் படுப்பவள்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகி வந்தது எழுபத்தொன்பதில். எனக்குக் கொடுத்திருந்த வீட்டுக்குக் கீழே ஒரு சரிவு, சரிவு முடிகிற இடத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம். லயத்தின் முதல் வீட்டில் காளிமுத்துவும் அவர் மனைவி பாஞ்சாலையும் இருந்தார்கள். இரண்டு மகள்களையும் ஈப்போ பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

காளிமுத்துவுக்குத் தேயிலை பெக்டரியில் ராத்திரி ஷிப்ட். உருட்டு மெசின் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் போனால் காலையில்தான் திரும்புவார். அவர் சரிவில் இறங்கி வருகிற நேரத்தில் பாஞ்சாலை மலைக்குக் கொழுந்து எடுக்கக் கிளம்பிவிடுவாள். வழியில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். "சோறு அடுப்பு மேல இருக்கு" என்பாள். "ம்" என்பார். வீட்டில் இருந்தது ஒரே கட்டில். பகலில் அவர் தூங்குவார், ராத்திரியில் அவள் தூங்குவாள். பதினாறு வருஷம் அப்படியே போயிருந்தது.

காளிமுத்து மரியாதை பார்க்கிற மனிதர். பக்கத்து டவுன் ரிங்லெட்டுக்குப் போவதென்றால் இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. நகத்தில் தேயிலைக் கறை தெரியக்கூடாது என்று பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். லயத்தில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். சிலதை நான் கண்ணால் பார்த்தேன்.

கையால் கிள்ளுவது குறைந்து, பை வைத்த பெரிய கத்திரியால் கொழுந்து வெட்டத் தொடங்கியிருந்த காலம் அது. நாள் முழுக்க அந்தக் கத்திரியைத் தூக்கிப் பிடித்து வெட்டியதில் பாஞ்சாலைக்கு முதலில் வலது தோள் போனது. பிறகு முதுகு. எண்பத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில், காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக அமிர்தலிங்கம் என்று ஒரு டிரெசர். அவர் கட்டிலைப் பற்றி விசாரித்தார். கம்பி வலைக் கட்டில், நடுவில் தொட்டில் மாதிரி குழிந்துபோனது, அதன்மேல் கட்டி கட்டியாகப் போன பஞ்சு மெத்தை என்று தெரிந்ததும், "அத மொதல்ல தூக்கிப் போடுங்க. குழியில படுத்தா முதுகு எப்படி நிக்கும்? கொஞ்சம் கெட்டியான மெத்தையா பாருங்க" என்றார்.

போனஸ் வந்த மாதம் காளிமுத்து மனைவியைக் கூட்டிக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனார். அங்கே மேசை நாற்காலி விற்கிற சீனர் கடை ஒன்று. கடை முதலாளியான தவுக்கே தமிழும் மலாயும் கலந்து பேசுவார். ஈப்போவிலிருந்து புதிதாக வந்த ஸ்பிரிங் மெத்தையைப் பலகைக் கட்டில்மேல் போட்டு வைத்திருந்தார். வெள்ளைத் துணி, அதில் நீலப்பூ. காளிமுத்து கையை வைத்து அழுத்தினார். கை இறங்கவில்லை.

"யாருக்கு? உனக்கா, அவங்களுக்கா?" என்று தவுக்கே கேட்டார்.

"அவங்களுக்குத்தான். முதுகு வலி."

"அப்ப அவங்க படுத்துப் பாக்கணும் லா. மல்லாக்கப் படுத்து இடுப்புக்குக் கீழ கைய விடணும். கை சும்மா பூந்து போனா ரொம்பக் கெட்டி. போகவே இல்லன்னா ரொம்ப மெத்து. ஒருக்களிச்சுப் படுத்தா வேற. தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் அமுங்கணும், அப்பத்தான் முதுகு நேரா இருக்கும். குப்புறப் படுக்கிற ஆளுக்கு வயிறு தொங்கக்கூடாது. எல்லாம் பாத்துத்தான் வாங்கணும்."

பாஞ்சாலை ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் காலில் ஜப்பான் சிலிப்பர். மலையில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஊறி வெளுத்துப்போன கால். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் எவ்வளவு தேய்த்தாலும் போகாத செம்மண், கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த பழைய தழும்புகள். கடையில் அப்போது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் மனைவியோடு அலமாரி பார்த்துக்கொண்டிருந்தார். காளிமுத்து அவரைப் பார்த்தார், வெள்ளை மெத்தையைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார்.

"வேணாம், நீ இரு" என்றார். "நாலு ஆம்பள இருக்கிற எடத்துல பொம்பள படுக்கிறதா? நான் பாத்துக்கறேன்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரே ஏறிப் படுத்தார். மல்லாக்கப் படுத்து இடுப்புக்கடியில் கையை விட்டார். கை அளவாகப் போய் வந்தது. குப்புறப் படுத்தார். பகலில் அவர் தூங்குவது அப்படித்தான். வயிறு தொங்காமல் பலகை மாதிரி தாங்கியது.

"ஒருக்களிச்சு?" என்றார் தவுக்கே. "அப்படிப் படுக்கிறவங்களுக்கு இது ஆகாது. அவங்களுக்கு வேற ஒன்னு இருக்கு, இத விட மெத்து."

"எங்க வீட்ல யாரும் ஒருக்களிச்சுப் படுக்கிறதில்ல" என்றார் காளிமுத்து.

பாஞ்சாலை கால்விரல்களை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். அதைத் தான் பார்த்ததாகவும், பார்த்தும் பார்க்காதது போல எழுந்து சட்டையைச் சரி பண்ணிக்கொண்டதாகவும் காளிமுத்து பின்னால் என்னிடம் சொன்னார்.

மெத்தை காய்கறி லாரியில் வந்து இறங்கியது. லயத்துக்கு வந்த முதல் ஸ்பிரிங் மெத்தை. புதிதாகப் பலகைக் கட்டிலும் அடித்துப் போட்டார். ஒரு வாரம் ஆள்மேல் ஆளாக வந்து பார்த்தார்கள். காளிமுத்து எல்லோருக்கும் கையால் அழுத்திக் காட்டுவார். என்னையும் படுக்கச் சொல்லி, "கைய இடுப்புக்குக் கீழ விட்டுப் பாருங்க சார்" என்று பாடம் நடத்தினார். "அவ முதுகுக்காகத்தான் சார் வாங்கினது." பாஞ்சாலை எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவள் அவரைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க சார்" என்றாள்.

அவளுக்கு மல்லாந்து படுக்க வராது. வலது தோளும் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கித்தான் படுப்பாள். அந்தக் கெட்டி மெத்தை அவள் இடது தோளையும் இடுப்பெலும்பையும் கொஞ்சங்கூட உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்தால் கை மரத்துக் கிடக்கும். மல்லாந்து படுத்துப் பழகப் பார்த்தாள். முதுகு இன்னும் பிடித்துக்கொண்டது. தீபாவளிக்குப் பிறகு அடுப்பங்கரையில் நாலு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய கம்பளியை விரித்துப் படுக்க ஆரம்பித்தாள். விடிவதற்குள் சாக்கைச் சுருட்டி விறகுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். பிறகு கட்டிலுக்குப் போய், விரிப்பைக் கையால் கொஞ்சம் கசக்கி, தலையணையில் ஒரு குழி பண்ணிவிட்டு மலைக்குப் போவாள். காலையில் வருகிற மனிதர் கலைந்த விரிப்பைத் தட்டிப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து நன்றாகத் தூங்குவார்.

நாலு மாதத்தில் அவளால் கத்திரியைத் தூக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, கங்காணி மாதிரி வேலையை மேல்பார்க்கிற மண்டோர் அவளைப் பாதி வேலையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். தகவல் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த காளிமுத்து எழுந்து ஓடினார். ஆஸ்பத்திரி என்றாலும் அது ஒரே அறைதான். வாசலில் பெஞ்சு, பெஞ்சில் மருந்துக்கு வந்த ஏழெட்டுப் பெண்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். அன்று நான் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து வாங்க வந்து வாசலில் நின்றிருந்தேன்.

அமிர்தலிங்கம் அவள் இடது தோளைத் தொட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"கத்திரி புடிக்கிறது வலது கை. இது எப்படி வந்துச்சு?" என்றார். பிறகு காளிமுத்துவைப் பார்த்து, "இவங்க எப்படிப் படுப்பாங்க?"

"மல்லாக்கத்தான் ஐயா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே மல்லாக்கத்தான். நல்ல ஸ்பிரிங் மெத்தை ஐயா, நீங்க சொன்னபடி கெட்டியா வாங்கிப் போட்டிருக்கேன்."

டிரெசர் பாஞ்சாலையைப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடியே, "ஆமாங்க, மல்லாக்கத்தான்" என்றாள்.

பெஞ்சில் பக்கத்து வீட்டு வேலம்மா உட்கார்ந்திருந்தாள். வாய் அடங்காதவள், ஆனால் பொய் பேசாதவள். "எதுக்குடி பொய் சொல்ற? மருந்து தர்ற எடத்துல" என்றாள் உள்ளே எட்டிப் பார்த்து. "அண்ணே, உங்க பொண்டாட்டி தீபாவளியிலேருந்து சாக்குல படுக்குறா. அடுப்பங்கரையில. சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல? கண்ணாலம் கட்டின நாள்லேருந்து அவ ஒருக்களிச்சுத்தான் படுப்பா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் காளிமுத்துவுக்குச் சமாளிக்க ஒரு வழி கிடைத்திருக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். டிரெசர் மருந்துப் புட்டிகளை இடம் மாற்றி வைத்தார். நான் வாசலை விட்டு நகர்ந்து நின்றேன். காளிமுத்துவின் காது மடல் வரை சிவந்திருந்தது. பாஞ்சாலைதான் முதலில் எழுந்து, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"விறகுக்குப் பின்னாடி சாக்கு இருந்துச்சு சார். நானே எடுத்துப் பாத்தேன்" என்றார். "ஏன் சொல்லலன்னு கேட்டேன். 'நீங்க அவ்ளோ ஆசையா எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றது'ங்கிறா. தெரியலன்னு டிரெசர்கிட்ட சொல்லியிருந்தா மரியாதையா இருந்திருக்கும் சார். எனக்குத் தெரியும்னு சொன்னேன் பாருங்க. அவளும் என் மானத்துக்காக ஆமான்னுட்டா."

அப்போதுதான் கடையில் நடந்ததைச் சொன்னார். ஆம்பளைங்க இருக்காங்கன்னு சொன்னது பொய், அவள் காலுக்காகத்தான் வேண்டாமென்றேன் என்று சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி தாப்பாவில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் எந்தப் பக்கம் படுப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி ரிங்லெட்டுக்குப் போனார்கள். பாஞ்சாலை வரமாட்டேன் என்றிருக்கிறாள். அவர்தான் கெஞ்சிக் கூட்டிப்போனார். தவுக்கே மெத்தையைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். ஆனால் கோபிக்கவில்லை. "மேல ஒரு கெக்காபு திலாம் போடு, மெல்லிசா. அடியில கெட்டி இருக்கட்டும், முதுகுக்கு அது நல்லது. மேல தோளு அமுங்கணும், அவ்ளோதான். எவ்ளோ மொத்தம்னு அவங்க படுத்துத்தான் சொல்ல முடியும்" என்றார். கெக்காபு என்பது அங்கே இலவம்பஞ்சுக்கும், திலாம் என்பது மெத்தைக்கும் சொல்லும் பெயர்.

"நீ படுத்துப் பாரு" என்றார் காளிமுத்து.

"வேணாங்க. நீங்களே பாருங்க."

"உனக்குத்தான வாங்குறோம்."

"கால் அப்படியேதான் இருக்கு" என்றாள் பாஞ்சாலை, மெதுவாக. குரலில் கோபமில்லை.

காளிமுத்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி வெள்ளை மெத்தை ஒன்றில் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் வலி தொடங்கியது, பிறகு இடுப்பில், பிறகு விரல் நுனி மரத்தது. இதில்தான் அவள் ராத்திரி ராத்திரியாகப் படுத்துப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. தவுக்கேயின் மனைவி ஒரு மெல்லிய பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து விரித்தாள். பிறகு கவுண்டருக்குப் பின்னாலிருந்து பழைய சீனப் பத்திரிகை இரண்டு தாளை எடுத்துக் கால்மாட்டில் போட்டாள். பாஞ்சாலையின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. படுத்துப் பார்க்க வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்களாம். மலையிலிருந்து வருகிற தோட்டக்காரர்களுக்கு, மழையில் வருகிறவர்களுக்கு, சப்பாத்தைக் கழற்றச் சோம்பல்படுகிறவர்களுக்கு. போன தடவையும் அந்தத் தாள் அங்கேதான் இருந்திருக்கும் என்று காளிமுத்து நினைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பாஞ்சாலை சிலிப்பரைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். முதலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள், பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் மொத்தமா இருந்தா நல்லாருக்கும்" என்றாள். இரண்டாவது ஒன்றை விரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பக்கத்திலேயே நின்றார். நிற்கும்போதும், யாராவது தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டதாகச் சொன்னார். "அப்பவும் பாத்தேன் சார். அந்தப் புத்தி போகல."

பாஞ்சாலையின் இடது தோள் தேறிவிட்டது. வலது தோள் கடைசிவரை முழுசாகச் சரியாகவில்லை. டிரெசர் எழுதிக் கொடுத்த பிறகு அவளை நாற்று வளர்க்கிற இடத்துக்கு மாற்றினார்கள். மெத்தையைப் பற்றி லயத்தில் கொஞ்ச காலம் பேசினார்கள். வேலம்மா மட்டும் காளிமுத்துவிடம் வழக்கம்போலவே பேசினாள்; அவர்தான் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனார். வீட்டுக்கு யாராவது வந்து மெத்தையை விசாரித்தால், "அது அவளோடது, அவகிட்ட கேளுங்க" என்பார்.

எண்பத்து மூன்றில் எழுதிக் கேட்டுப் பகல் ஷிப்ட்டுக்கு மாறினார். நான் கோலா தெர்லா பள்ளிக்கு மாற்றலாகிப் போகிற நேரம். விடைபெற வந்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். பகல் ஷிப்ட்டுக்கு வந்த பிறகுதான் பாஞ்சாலை தூங்குவதை ஒழுங்காகப் பார்க்கிறாராம். கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவது போல ஒடுங்கிப் படுக்கிறாளாம். "நடுவுல வந்து படு" என்று சொன்னாராம். பழக்கம், தனியாகப் படுத்த நாளிலும் ஓரத்தில்தான் படுத்தேன் என்றாளாம்.

"அவ யாருக்கு எடம் விட்டுப் படுத்தான்னு நான் கேக்கல சார்" என்றார் காளிமுத்து. "கேக்க வெக்கமா இருந்துச்சு."

பிறகு என் பெட்டிகளை லாரியில் ஏற்ற உதவினார்.