நம்பர் இல்லாத போல்ட்டு

போன வருஷம் மழை விட்ட ஒரு மத்தியானம், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரியில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

திரிங்காப் ஊருக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறித்துவிட்டு, பெண்கள் எல்லோரும் மூட்டைகளோடு லோரியின் பின்னால் வந்துகொண்டிருந்தோம். உட்காரப் பலகை கிடையாது. மூட்டைகளுக்கு நடுவே தரையில்தான் உட்காருவோம். மேடு ஏறும்போது மூட்டையும் ஆளும் சரிந்து பின்கதவில்தான் போய்ச் சாய வேண்டும். அன்றைக்கு வளைவு மேட்டில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பின்கதவு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கதவோரம் உட்கார்ந்திருந்த பெண், லைன் வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி, மூட்டையோடு ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த காய்கறி லோரி கிறீச்சென்று அவள் கால்மாட்டில் வந்து நின்றது.

அவளுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. காய்கறி லோரியை ஓட்டி வந்தவர் ஒரு சீனர். குதித்து இறங்கி, தன் துண்டால் அவள் கையைச் சேர்த்துக் கட்டினார். வந்த காரை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் தொங்குகிற கதவைக் கைப்பேசியில் படம் பிடித்தார். ரோட்டில் கிடந்த உடைந்த போல்ட்டுத் தலையைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். இந்தப் பக்கத்துச் சீனர்கள் சிலருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"அம்மா, தலைய பாரு. நம்பர் இல்ல லா. இது மெத்து இரும்பு, சீக்கிரம் ஒடஞ்சி போவும்."

தன் லோரிக் கதவில் இருந்த போல்ட்டைத் துடைத்துக் காட்டினார். அதன் தலையில் சின்னதாக 8.8 என்று இருந்தது. அந்த நம்பரை வைத்துத்தான் இரும்பின் பலம் தெரியுமாம். நம்பர் ஏற ஏற பலமும் ஏறுமாம். நம்பரே இல்லாததைப் பாரம் தாங்குகிற இடத்தில் மாட்டக் கூடாதாம். பார்க்க இரண்டும் ஒரே பளபளப்புதான்.

"என் லோரியில கோபிஸ், முட்டைக்கோஸ் போவுது, அதுக்கே எட்டு புள்ளி எட்டு. உங்க லோரியில ஆளு போவுது! யாரு போட்டான் இந்தக் குப்பைய?"

உடைந்த தலையை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சொன்னார். "அந்தப் பொம்பள கதவு மேல ஏறி உக்காந்துச்சி, அதான் கதவு போச்சி. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதப் போறோம். நீங்களும் கொஞ்சம் சோத்தக் கொறைங்க லா, லோரி தாங்கல."

சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்திருக்கிற லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டுப் போட்ட கையோடு, படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? அவள் தரையில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினோம். எல்லோரும் இருப்பது லைன் வீட்டில்தானே.

அன்றைக்குக் கொழுந்து நிறுக்க ஆலைக்குப் போனேன். அங்கே கொழுந்து உருட்டுகிற மெஷினைப் பிரித்துப் போட்டு, ஃபிட்டர் வேலை செய்துகொண்டிருந்தான். தகர மூடியில் புது போல்ட்டுகள் கிடந்தன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் 8.8. பருமனும் கதவு போல்ட்டின் பருமன்தான்.

"தம்பி, இதுல ரெண்ட அந்த லோரிக் கதவுக்கு மாட்டியிருக்கலாமேப்பா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இது மெஷினுக்கு வந்தது பாட்டி. மெஷின் நின்னா கொழுந்து வீணாப் போவும்ல. லோரிக்கு ஏதாச்சும் கெடைக்கிறத மாட்டி ஓட்டுன்னு கிராணி சொல்லிட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பறித்த கொழுந்து வீணாகக் கூடாது. பறித்த மனுஷி ரோட்டில் விழலாம். மூடியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டேன். அவன் பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நாள் விடிந்ததும் ரோட்டுக்குப் போய் நின்றேன். தனியாக ஒரு பஸ்ஸைக்கூட நான் கை காட்டி நிறுத்தியதில்லை. தினமும் அந்த வழியே போகிற அந்தச் சீனரின் லோரியை நிறுத்தினேன். நான் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். முட்டைக்கோஸ் மூட்டைகளோடு லோரியைத் தோட்டத்து ஆபீசுக்கே திருப்பிவிட்டார்.

தோட்டத்து மேனேஜர் துரையின் மேசையில் உடைந்த போல்ட்டுத் தலையையும் நல்ல போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "தொரை, மெஷினுக்கு நம்பர் போட்டது, எங்களுக்கு நம்பர் இல்லாததா?"

"பாட்டி எப்ப ஸ்பேர் பார்ட்ஸ் கடை தொறந்தீங்க?" என்று பக்கத்தில் நின்ற கிராணி சிரித்தார்.

சீனர் சிரிக்கவில்லை. கைப்பேசிப் படத்தைத் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தப் பெண் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள், பின்னால் வந்த நான் கண்ணால் பார்த்தேன், போலீசிலும் இதையே சொல்வேன் என்று மலாய் மொழியில் சொன்னார். கிராணியின் சிரிப்பு அதோடு நின்றது.

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார்கள். அவள் அதே வீட்டில் இருக்கிறாள். கதவுக்கும் நம்பர் போட்ட போல்ட்டு வந்துவிட்டது. ஆனால் அவளிடம் வந்து தப்பு எங்களுடையது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதிலுக்கு லோரியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள், பின்கதவில் சாயக் கூடாது என்று! பலகை போட்டுக் கொடுக்காமல் எங்கே போய்ச் சாய்வதாம்?

முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து சாட்சி சொல்லாமல் போயிருந்தால், எலும்பு முறிந்தவளே குற்றவாளியாகி வீட்டையும் இழந்திருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, கூடவே வருகிற கோபத்தை ஆறவிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.