வாசித்துப் பார்க்காத எரிவாயு ஒப்பந்தம்

அன்று, நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மில்லிக்கனில், எங்கள் பேக்கரியில் நானும் அம்மாவும்தான் இருந்தோம், அப்பா இல்லை. எரிவாயுச் செலவைக் குறைத்துத் தருவதாகத் தமிழ் முகவர் ஒருவர் வந்தார்.

"அஞ்சு வருசத்துக்கு ஒரே விலை, தம்பி. ஊரெல்லாம் ஏறினாலும் உங்களுக்கு ஏறாது" என்று ஆங்கில ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார்.

"முழுக்க வாசிச்சனியோ?" என்று அம்மா என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். முகவர் முன்னால் தடுமாறி வாசிக்க வெட்கப்பட்டு, "ஓம் அம்மா" என்று பொய் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

சந்தையில் விலை இறங்கியது; எங்கள் பில் மட்டும் இறங்கவேயில்லை. விலகினால் மிச்ச வருடங்களுக்கும் சேர்த்து அபராதம் என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. பில் கட்டித் தாங்காமல் கடைசியில் விலகினோம்.

அப்பா ஏசவில்லை. "நீ படிச்சனி, பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது எந்தத் தாளையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டாமல் நான் கையெழுத்திடுவதில்லை. புது அடுப்புக்கென்று அப்பா சேர்த்ததெல்லாம் அபராதமாகப் போய்விட்டது: பதினோராயிரத்து நானூறு டொலர்.