ரீசெட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில்

மதிவதனிக்குக் கோபம் வந்தால் குரல் தணியும், மரியாதை கூடும். சரவணம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பயப்படுவதில்லை. மரியாதையாகப் பேசுகிறவரைக் கண்டு பயப்படும் வழக்கம் கோவையில் கிடையாது.

அவள் செய்யும் வேலையை வீட்டில் இன்னும் முழுதாக நம்பவில்லை. மில்களில் இருபத்தைந்து வருஷத்து வெளிநாட்டு மெஷின்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. அவற்றை ஓட்டிய கம்ப்யூட்டர்கள்தான் செத்துப்போயின. எனவே புதிய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள், தான்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டர் என்று நடிக்கும் மென்பொருளைப் போடுவார்கள். பழைய புரோகிராம் ஏமாந்து வேலை செய்யும். மோட்டாருக்கு ஆணை கொடுக்கும் கார்டு என்ற மின்சுற்று அட்டையாக நடிக்கும் பகுதி மதிவதனியுடையது.

அசல் கார்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ரீசெட் அழுத்தினால், 'ஓடு' என்று முன்பு வாங்கிய ஆணையை மறந்துவிடும். நடிக்கும் கார்டு மறக்கவில்லை. ரீசெட்டில் மெஷின் நிற்கும். சற்றுப் பொறுத்துப் புரோகிராம் எழுந்ததும் யாரும் சொல்லாமலே ஓடத் தொடங்கும். ஆபீஸில் சோதிக்கிறவர்கள் ரீசெட்டைத் தொடுவதில்லை, மொத்தமாக அணைத்து மறுபடி போடுவார்கள். அதில் பழைய ஆணை எப்படியும் அழிந்துவிடும். அதனால் "அந்தக் கோளாறு எங்ககிட்ட வரலீங்களே" என்றார்கள். மதிவதனி பிழையைக் கண்டுபிடித்துத் திங்கட்கிழமை சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை, பொள்ளாச்சி ரோட்டிலுள்ள மில்லில், புதுக் கம்ப்யூட்டர் போட்ட மெஷினுக்குப் பூஜை. காரில் போகும்போது கம்பெனி முதலாளி சென்னகேசவன் சாவகாசமாகச் சொன்னார்.

"உங்க திருத்தத்தெ எடுத்துப்போட்டனுங்க அம்மணி."

"ஏனுங்க சார்?"

"ரீசெட் பண்ணுனா உற்பத்திக் கணக்கு சைபராப் போயிருதாமா. மில்காரரு போன்ல அழுவாத கொறைங்க."

"யாருக்காச்சும் கை போனா அழுவமாட்டாருங்களா?"

"காலங்காத்தால நல்ல வார்த்தையாப் பேசு கண்ணு."

அவள் பக்கமும் தப்பு உண்டு. மறக்க வேண்டிய ஆணையோடு, மறக்கக்கூடாத கணக்கையும் சேர்த்து அழித்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டையும் பிரித்துக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. வேலை தெரிந்தவளிடம் கேட்பதைவிட அவள் வேலையைக் கலைப்பது முதலாளிக்குச் சுலபமாக இருந்தது.

"போனதும் மாத்திக் குடுத்தர்றனுங்க சார்."

"பூஜை முடியட்டுங்க. பத்தரைக்கு ராகுகாலம் வந்துருது."

மில்லில், பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின் வெள்ளோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்கான சுவிட்சை எந்தக் காலத்திலோ வேலை செய்யாதபடி கம்பி போட்டுக் கட்டிவிட்டிருந்தார்கள். ஃபிட்டர் நஞ்சப்பன் பல வருஷமாக மெஷினை நிறுத்துகிற வழியிலேயே நிறுத்தினார், ரீசெட்டை அழுத்தி. மெஷின் நின்றது. திரை கறுத்தது. மூடியைத் திறந்து உருளைமேல் சாமந்தி மாலையைச் சாத்திவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"அண்ணா, கையை எடுங்க" என்றாள் மதிவதனி.

"ஒரே பொட்டுங்க அம்மணி. நின்னுதானுங்க கெடக்குது."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. திரையில் எழுத்துகள் வந்தன. மெஷின் ஓடியது. மாலை ஒரே இழுப்பில் உள்ளே போய், பஞ்சோடு பஞ்சாக மறுபக்கம் மஞ்சளாக வந்தது.

நஞ்சப்பன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

"மாலை போயிருச்சுங்களே" என்றார் மில்காரர்.

"கை இருக்குதுங்க" என்றாள் மதிவதனி. "கணக்கும் அப்படியே இருக்குமுங்க. பாத்துக்கங்க."

சென்னகேசவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஆபத்தையெல்லாம் நாங்களே முன்கூட்டிச் சோதிச்சுக் காட்டிப்போடுவமுங்க" என்றார் மில்காரரிடம். மதிவதனி அவரைப் பார்த்தாள். "ரொம்பப் புண்ணியமுங்க சார்" என்றாள். இவ்வளவு மரியாதையை அவரே அதற்குமுன் கேட்டதில்லை.

அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. திருத்தத்துக்கு நேரமில்லை என்ற சென்னகேசவன் ராகுகாலத்துக்காக மில்காரரோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். அவள் கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து, ஆணையை மட்டும் அழித்தாள், கணக்கை விட்டுவைத்தாள். அவர்கள் இரண்டாவது காப்பிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அது கோபத்தை இன்னும் கூட்டியது.

ராகுகாலம் கழிந்ததும் மெஷினை ஓட்டி, ரீசெட் அழுத்தினாள். நின்றது. திரை எழுந்தது. மெஷின் அசையவில்லை. மில்காரர் கணக்கை மட்டும் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

புது மாலை வந்தது. நஞ்சப்பன் சந்தனத்தைத் தொட்டார். மதிவதனி நேராகப் போய் மெயினை இறக்கினாள்.

"செரி பண்ணியாச்சுன்னீங்களே அம்மணி" என்றார் நஞ்சப்பன்.

"பண்ணியாச்சுங்கண்ணா" என்றாள், சென்னகேசவனைப் பார்த்தபடி. "திங்கக்கெழமையும் பண்ணித்தான் வெச்சிருந்தனுங்க."