சத்தம் வராத தட்டடவு

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் சிறிய அறக்கட்டளைக்குக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. குளிர் மிகுந்த ஒரு வெளிநாட்டு நகரத்தில், மயிலாப்பூரில் வளர்ந்த ஒரு பெண் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வகுப்புக்கு வாடகை எங்களிடமிருந்துதான் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அவள் வீடியோ அனுப்புவாள். அண்ணாச்சி பார்த்துத் தலையசைப்பார். நான் பதில் எழுதுவேன்.

போன ஆண்டு வந்த வீடியோவில் புதிதாகச் சேர்ந்த சிறுமிகள், பரதத்தில் முதலில் கற்கும், காலைத் தரையில் தட்டும் தட்டடவு செய்தார்கள். காலில் சலங்கை இல்லை. ஆசிரியையின் குரல் கேட்டது, அவள் தாளம் போடும் தட்டுக்கழி கேட்டது. கால்கள் மட்டும் கேட்கவில்லை.

“ஏம்மா, பிள்ளைக தரையில ஆடுதா, மெத்தையில ஆடுதா?” என்றார் அண்ணாச்சி. “காலைத் தட்டச் சொல்லிக்குடுக்காத கிளாசுக்கு நான் எதுக்கு வாடகை குடுக்கணும்? கேட்டுச் சொல்லு. இல்லேன்னா இந்த வருசத்தோட நிறுத்திருவோம்.”

ஹெட்போன் போட்டு மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்தாள்.

“வகுப்பு இப்ப மாடியில அக்கா. மரத்தரை. கீழ்வீட்டுல கைக்குழந்தை. முதல் வாரமே வந்து கதவைத் தட்டிட்டாங்க. காலைத் தூக்குறதெல்லாம் எப்பவும் போலத்தான். தரையைத் தொடறதுக்கு முன்னாடி வேகத்தைப் பிடிச்சுக்கச் சொல்லியிருக்கேன். அண்ணாச்சி நிறுத்திட்டா அந்த மாடியும் போயிடும்.”

அது எப்படி முடியும் என்று எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. நாட்டியம் கற்காத நான், மந்தைவெளியில் என் வீட்டு ஹாலில் முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து முயன்றேன். ஓங்கித் தட்டுவது சுலபம். உடனே கீழ்வீட்டு மாமி இண்டர்காமில், “ஆத்துல உரல்ல ஏதாவது இடிக்கறேளா?” என்றார். சத்தமில்லாமல் வைக்கப் பார்த்தபோது தொடை நடுங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “கதை நல்லாத்தான் இருக்கு. நான் காதால கேக்கணும்” என்றார்.

மார்கழிக் கச்சேரிகளுக்காக, வீடியோவில் ஆடிய இரண்டு மாணவிகளோடு அவள் சென்னை வந்தாள். எங்கள் அலுவலகம் தரைத்தளத்தில், சிமெண்டுத் தரை. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கழியைத் தட்ட ஆரம்பித்தாள். சிறுமிகள் ஆடினார்கள். அப்போதும் சத்தம் வரவில்லை. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கழி நின்றது.

“கீழ யாரும் இல்லடா கண்ணா. வெறும் மண்ணுதான். அடி” என்றாள்.

பெரியவள் ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தில் அவளே திடுக்கிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். சின்னவளும் அடித்தாள். பிறகு இருவரையும் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

“இதையா இத்தனை நாளா அடக்கி வச்சிருந்தீய?” என்ற அண்ணாச்சி ஆசிரியையிடம், “அங்க கீழ்த்தளத்துல இடம் பாரு” என்றார்.

“வாடகை ஜாஸ்தி அண்ணாச்சி.”

“கீழ்த்தளம்னா எங்கயும் ஜாஸ்திதான். எனக்கா தெரியாது? நீ பாரு.”

பிறகு சின்னவளை அருகில் கூப்பிட்டார். “இப்ப பழையபடி, சத்தமில்லாம ஒருக்கா ஆடிக் காட்டு தாயி.”

அவள் ஆடினாள். அண்ணாச்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்து, அந்தக் கால் தரையைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.